விசில்போடு எக்ஸ்பிரஸும் உழவன் எக்ஸ்பிரஸும்

விளையாட்டு பார்ப்பதற்கென்றே ஊர்விட்டு ஊர், நாடுவிட்டு நாடு போகிறவர்களைப் பற்றிக் கொஞ்ச நாளாகக் குறிப்பு எடுத்து வைத்துக்கொண்டு வருகிறேன். ஸ்காட்லாந்தில் ஃபோர்ட் வில்லியம் என்று ஓர் ஊர். அங்கே மலைச் சைக்கிள் உலகக் கோப்பைப் பந்தயம் நடந்தால் வெளிநாடுகளிலிருந்தெல்லாம் ஆட்கள் வந்து, ஈரமான மலைச்சரிவில் தடத்தின் ஓரமாக மணிக்கணக்கில் நிற்கிறார்கள். வீரர் ஒருவர் கண்முன்னே கடந்து போவது சில விநாடிதான். அதற்கு விமான டிக்கெட், விசா, லீவு, செலவு. பைத்தியக்காரத்தனம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாம். ஆனால் எங்கள் குடும்பத்திலேயே அப்படி ஒரு பைத்தியம் இருக்கிறது. அதனால் சொல்ல வாய் வரவில்லை.

எங்கள் ஊர் ஒரத்தநாடு பக்கம். கல்லணைக் கால்வாய்ப் பாசனம்; தஞ்சாவூர்க்காரர்கள் 'புது ஆறு' என்று சொல்வார்களே, அது. மலை என்று காட்ட ஒன்றும் கிடையாது. மலைச் சைக்கிளும் கிடையாது. எங்கள் பைத்தியம் கிரிக்கெட்.

2018 ஏப்ரல் 19, வியாழக்கிழமை காலை. சித்தப்பா மகன் வாட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பியிருந்தான். சென்னை சென்ட்ரல் பிளாட்பாரம் முழுக்க மஞ்சள் பனியன். கீழே ஒரு வரி: "அண்ணே, புனே போறோம். ரயில், சாப்பாடு, ரூம், மேட்ச் டிக்கெட் எல்லாம் டீம் செலவு." அதே காலையில் அவனுடைய பெரியப்பா, அதாவது என் அப்பா, தஞ்சாவூரில் காவிரிக்காகப் போட்டிருந்த ஓர் உண்ணாவிரதப் பந்தலில் உட்கார்ந்திருந்தார்.

ஒரே குடும்பம். ஒருத்தர் ஆற்றுக்காகப் பந்தலில் இருக்கிறார். இன்னொருத்தன் அந்த ஆற்றுச் சண்டையால் இடம் மாறிய ஆட்டத்தைத் துரத்திக்கொண்டு ஆயிரம் கிலோமீட்டருக்கு மேல் போகிறான். இது எப்படி நடந்தது என்று தேதி வாரியாக எழுதி வைக்கணும் என்று ரொம்ப நாள் எண்ணம். எழுத உட்கார்ந்தபோது, அந்த ரயில் போய்ச் சேர்ந்த இடத்தைப் பற்றி எனக்கே தெரியாத ஒரு விஷயம் அகப்பட்டது. அது பின்னால் வருகிறது.

முதலில் தண்ணீர்க் கணக்கு. தெரிந்தவர்கள் இரண்டு பத்தி தாண்டிக்கொள்ளலாம்.

காவிரி வழக்கை அரசாங்கங்களின் சண்டையாகத்தான் பலரும் நினைக்கிறார்கள். 1983-ல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனது டெல்டா விவசாயிகள் சங்கம். அந்த வழக்கின் தொடர்ச்சியாகத்தான் 1990-ல் நடுவர் மன்றம் வந்தது. 2007 பிப்ரவரி 5-ல் இறுதித் தீர்ப்பு: பிலிகுண்டுலுவில் அளந்து, ஒரு வருஷத்துக்கு 192 டி.எம்.சி. தமிழ்நாட்டுக்கு வர வேண்டும். அதன்மேல் மேல்முறையீடு. 2018 பிப்ரவரி 16-ல் உச்ச நீதிமன்றம் அதை 177.25 ஆக்கியது. குறைந்தது 14.75 டி.எம்.சி. ஒரு டி.எம்.சி. என்றால் நூறு கோடி கன அடி, ஏறத்தாழ 2,831 கோடி லிட்டர், பெருக்கிப் பார்த்துக்கொள்ளுங்கள். இதில் 4.75 பெங்களூரின் குடிநீருக்காக. மீதி 10, தமிழ்நாட்டுப் படுகையில் நிலத்தடி நீர் இருக்கிறது என்பதற்காக. அப்பாவுக்குப் பொறுக்காதது இந்தப் பத்துதான். "ஆத்துல தண்ணி வரலன்னுதானே கடனை வாங்கி போர் போட்டோம்? போர் இருக்குல்ல, ஆத்துத் தண்ணி எதுக்குன்னு கேக்குறான் பாரு" என்பார். சட்டம் படித்தவர்கள் வேறு மாதிரி விளக்கம் சொல்லலாம். வயலில் நின்று பார்த்தால் இப்படித்தான் தெரியும்.

அந்தத் தீர்ப்பில் நல்லது ஒன்றும் இருந்தது. ஆறு வாரத்துக்குள் மத்திய அரசு ஒரு 'ஸ்கீம்' உருவாக்க வேண்டும். மேலாண்மை வாரியம் வந்துவிடும் என்று டெல்டா முழுக்க நாளை எண்ணிக்கொண்டிருந்தார்கள். மார்ச் கடைசியில் கெடு முடிந்தது. மத்திய அரசு நீதிமன்றத்துக்குப் போய், 'ஸ்கீம்' என்றால் சரியாக என்ன என்று விளக்கம் கேட்டது, கூடவே மூன்று மாதம் அவகாசமும். அப்புறம் பொறுமை எங்கே இருக்கும்? கடையடைப்பு, ரயில் மறியல், மனிதச் சங்கிலி, நடைபயணம். ஏப்ரலில் எங்கள் பக்கம் உளுந்து, பயறு எடுத்து முடிந்து வயல் சும்மா கிடக்கும் காலம். வழக்கமான ஜூன் 12-ல் மேட்டூர் திறந்து ஆறு வருஷம் ஆகிவிட்டிருந்தது. 2012 முதல் 2017 வரை ஒரு தடவைகூட இல்லை. அதற்கு முந்தைய ஆண்டுதான் மாநிலம் முழுவதையும் வறட்சிப் பகுதியாக அறிவித்திருந்தார்கள்.

இதற்கு நடுவில் ஐ.பி.எல். வந்தது.

அது சாதாரண ஐ.பி.எல். இல்லை என்பதையும் சொல்லணும். சூதாட்ட விவகாரத்தில் 2016, 2017 என்று இரண்டு வருஷம் தடையில் இருந்துவிட்டுச் சென்னை சூப்பர் கிங்ஸ் திரும்பி வருகிறது. சேப்பாக்கத்தில் முதல் ஆட்டம் ஏப்ரல் 10, கொல்கத்தாவோடு. ரசிகனுக்குத் திருவிழா. போராடுகிறவர்களுக்கோ, 'இழவு வீட்டில் மேளமா?' என்ற கேள்வி. ரஜினிகாந்த் இரண்டு நாள் முன்னால், இந்த நேரத்தில் இங்கே ஆட்டம் நடத்துவது சங்கடம், நடந்தே தீரும் என்றால் வீரர்கள் கறுப்பு பேட்ஜ் அணிந்து ஆடட்டும் என்றார். அப்போது பலர் சிரித்தார்கள். இப்போது நினைத்தால் அன்று பேசியவர்களில் அவர் சொன்னதுதான் விவரமான யோசனை என்று தோன்றுகிறது. ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

பத்தாம் தேதி சாயங்காலம் அண்ணா சாலை ஸ்தம்பித்தது. பாரதிராஜா, சீமான் உள்பட பலர் மறியலில். மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு வந்த சில பையன்கள் ரோட்டில் அடி வாங்கினார்கள். போலீஸ்காரர் ஒருவரையும் அடித்தார்கள். இரண்டுமே எனக்கு இன்றுவரை ஒப்பவில்லை. மைதானத்துக்குள் ஆட்டம் நடக்கும்போது பவுண்டரி ஓரத்தில் செருப்பு வந்து விழுந்தது. கொல்கத்தா 202, ரஸ்ஸல் மட்டும் 36 பந்தில் 88. சென்னை ஒரு பந்து மிச்சம் வைத்து ஜெயித்தது. கடைசி ஓவரில் 17 ரன் வேண்டும். போட்டவர் வினய் குமார், கர்நாடக அணியின் கேப்டனாக இருந்தவர். ஜடேஜா சிக்ஸர் அடித்து முடித்தார். காவிரிச் சண்டைக்கு அன்றைக்கு இப்படி ஒரு முடிவு கிடைத்ததாக வாட்ஸ்அப்பில் மீம் ஓடியது. அந்தச் சிரிப்பு ஒரு ராத்திரிகூடத் தாங்கவில்லை. மறுநாளே, பாதுகாப்புத் தர முடியாது என்ற நிலையில், சென்னையில் மிச்சமிருந்த ஆறு ஆட்டங்களையும் புனேவுக்கு மாற்றினார்கள்.

இங்கே கொஞ்சம் நிற்கலாம். 'சொந்த மைதானம்' என்றால் என்ன? பிட்ச் தெரிந்த பிட்ச், அது சரி. தோனி 2016-ல் புனே அணிக்கே கேப்டனாக இருந்தவர். அந்த மைதானமும் அவருக்குத் தெரிந்ததுதான். உள்ளூர் ஆட்டத்தின் டிக்கெட் வசூல் உள்ளூர் அணிக்கு என்பது ஐ.பி.எல். ஏற்பாடு, அதைப் புனேவிலும் வசூலித்துக்கொள்ளலாம். புனேவில் கிடைக்காத ஒன்றே ஒன்று, விசில். ஒவ்வொரு பந்துக்கும் ஒரே பக்கமாகச் சாய்ந்து கத்தும் கூட்டம். டிவியில் ஆட்டம் பார்க்கிற கோடிப் பேருக்கு அந்தச் சத்தமும் ஆட்டத்தில் சேர்த்திதான். காலி நாற்காலிக்கு முன்னால் ஆடினால் சரக்கு பாதி விலை. ஆகவே அணி நிர்வாகம் ஒரு தனி ரயிலே பிடித்தது. ரசிகர் மன்றத்துக்காரர்கள் ஆள் சேர்க்க, சுமார் ஆயிரம் பேர் கிளம்பினார்கள். 'விசில்போடு எக்ஸ்பிரஸ்' என்று பெயர்.

ஃபோர்ட் வில்லியம் போகிறவன் தன் காசில் போகிறான். இவனை இன்னொருவர் காசு கொடுத்துக் கூட்டிப் போகிறார். இந்த வித்தியாசத்தைச் சித்தப்பா மகனிடம் சொன்னேன். "அப்ப நீங்க ரசிகர் இல்லடா, துணை நடிகர்" என்றேன். கோபம் வந்துவிட்டது அவனுக்கு. "அண்ணே, ஓசின்னா யாரு வேணாலும் வருவான்னு நினைக்கிறீங்களா? ரெண்டு நாள் சம்பளம் போச்சு எனக்கு. அதை யாரு குடுத்தா?" ஒரகடத்தில் தினக்கணக்கு வேலை அவனுக்கு. நியாயந்தான். வாயை மூடிக்கொண்டேன்.

ரயிலைப் பற்றி அவன் சொன்னதில் பாதி பாட்டும் ஆட்டமும்தான். குண்டக்கல், ராய்ச்சூர், சோலாப்பூர் வழி. ராத்திரி முழுக்க யாரும் தூங்கவில்லை. நடுவில் ஏதோ ஒரு ஸ்டேஷனில் இறங்கி டீ குடித்தபோது, பிளாட்பாரத்தில் ஒரு கிழவர் இந்தியில் ஏதோ கேட்டாராம். இவர்களில் ஒருத்தன் மொழிபெயர்த்தான்: கட்சி மாநாடா, கோயிலுக்கா? கிரிக்கெட் என்றதும் அவர் நம்பவில்லையாம். இருபதாம் தேதி ராத்திரி வாட்சன் 57 பந்தில் 106. ராஜஸ்தானை 64 ரன்னில் ஜெயித்தார்கள். இவன் தொண்டை கட்டி மூன்று நாள் பேசவே இல்லை.

இப்போது நான் சொன்ன விஷயம். அந்த மைதானம் புனே நகருக்குள் இல்லை. மும்பை–புனே விரைவுச் சாலை ஓரமாக கஹுஞ்சே என்ற கிராமத்தில், மாவல் தாலுகாவில் இருக்கிறது. மாவல் என்ற பெயரை எங்கோ படித்த ஞாபகம் இருந்தது. தேடினால், பவனா ஆறு.

பவனா அணையிலிருந்து பிம்ப்ரி-சிஞ்ச்வாட் தொழில் நகரத்துக்கு மூடிய குழாயில் நேராகத் தண்ணீர் கொண்டுபோக ஒரு திட்டம். அணைத் தண்ணீர் ஆற்றில் ஓடிவந்தால் வழியில் மோட்டார் போட்டு வயலுக்கு எடுக்கலாம். குழாயில் போனால் அது முடியாது. மாவல் விவசாயிகள் எதிர்த்தார்கள். 2011 ஆகஸ்ட் 9-ல் விரைவுச் சாலையை மறித்தார்கள். போலீஸ் சுட்டது. மூன்று பேர் செத்துப் போனார்கள், அதில் ஒருவர் பெண். அதன் பிறகு திட்டத்தை நிறுத்திவைத்தார்கள். கிரிக்கெட் மைதானம் அடுத்த வருஷம், 2012 ஏப்ரலில், திறப்பு விழா கண்டது. அதே தாலுகா, அதே விரைவுச் சாலை.

கதை இதோடும் முடியவில்லை. 2016-ல் மகாராஷ்டிராவில் கடும் வறட்சி. மீரஜிலிருந்து லாத்தூருக்கு ரயிலில் குடிதண்ணீர் அனுப்பினார்கள். பத்து வேகன், ஐந்து லட்சம் லிட்டர், ஏப்ரல் 12-ல் முதல் ரயில் போய்ச் சேர்ந்தது. மறுநாள் மும்பை உயர் நீதிமன்றம், ஏப்ரல் 30-க்குப் பிறகு வரும் ஐ.பி.எல். ஆட்டங்களை மகாராஷ்டிராவை விட்டே வெளியே கொண்டுபோகச் சொன்னது. மைதானத்துப் புல்லுக்கு ஊற்றும் தண்ணீர்தான் பிரச்சினை. தோனியின் புனே அணி விசாகப்பட்டினத்துக்குக் குடிபோனது. ஆக, அதே தோனி 2016-ல் தண்ணீரால் புனேவைவிட்டுப் போனார், 2018-ல் தண்ணீரால் புனேவுக்கு வந்தார். 2018-லும் விடவில்லை. விசில்போடு ரயில் கிளம்பிய அதே வாரத்தில், கஹுஞ்சே மைதானத்துக்குப் பவனா ஆற்றுத் தண்ணீர் எடுக்கக் கூடாது என்று உயர் நீதிமன்றம் தடை போட்டது. ஆட்டம் நிற்கவில்லை, வேறு தண்ணீரை வைத்துச் சமாளித்தார்கள்.

ஒரு தண்ணீர்ச் சண்டையிலிருந்து தப்பிக்க ஆட்டத்தைத் தூக்கிக்கொண்டு போய் நேராக இன்னொரு தண்ணீர்ச் சண்டைக்கு நடுவில் வைத்திருக்கிறார்கள். ரயிலில் இருந்த ஆயிரம் பேரில் எத்தனை பேருக்கு இது தெரிந்திருக்கும்? சித்தப்பா மகனுக்குத் தெரியாது. நான் சொல்லித்தான் தெரியும். "ரோட்டு ஓரமா கரும்பு பாத்தேண்ணே" என்றான். அவ்வளவுதான் அவன் பார்த்த மாவல். அவனைக் குறை சொல்ல மாட்டேன். பஸ் ஜன்னலில் தெரிவது அவ்வளவுதான். வெளியூரில் ஆட்டம் பார்க்கப் போகிற யாருக்கும் ஸ்டேஷன், பஸ், கேட், நாற்காலி, திரும்ப ஸ்டேஷன். ஆட்டம் தவிர மற்றதெல்லாம் கண்ணில் படாமல் இருப்பதற்குத்தான் ஏற்பாடே.

அங்கேதான் எனக்கு இன்னொரு பயணம் ஞாபகம் வந்தது. இதற்குச் சரியாக ஒரு வருஷம் முன்னால், 2017 மார்ச் 14-லிருந்து ஏப்ரல் 23 வரை, அய்யாக்கண்ணு தலைமையில் நம் பக்கத்து விவசாயிகள் டெல்லி ஜந்தர் மந்தரில் உட்கார்ந்திருந்தார்கள். 41 நாள். மண்டை ஓட்டைக் கழுத்தில் மாட்டிக்கொண்டார்கள். எலியை வாயில் கவ்விக்கொண்டார்கள். தரையில் சோற்றைக் கொட்டிச் சாப்பிட்டார்கள். அப்பாவுக்கு அதில் பாதி பிடிக்கவில்லை, மானம் போகிறதே என்று. நான் அதை வேறு விதமாகப் பார்க்கிறேன். புனே போனவர்கள் பார்க்கப் போனார்கள். டெல்லி போனவர்கள் தங்களைப் பிறர் பார்க்க வேண்டும் என்று போனார்கள். ஒரு கேமரா திரும்ப என்ன செய்ய வேண்டியிருக்கிறது என்பதற்கு அந்த எலி ஒன்று போதும்.

அப்படிப் பார்த்தால் 2018 ஏப்ரல் 10 சேப்பாக்கம் ஓர் அபூர்வமான சந்தர்ப்பம். டெல்டாக்காரன் டெல்லி போக வேண்டியதே இல்லை. நாட்டிலுள்ள கேமரா எல்லாம் தானாகவே தமிழ்நாட்டுக்கு வந்து, ஒரே மைதானத்தைப் பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னும் ஆறு ராத்திரி வரப்போகிறது. போராடியவர்கள் இதைச் சரியாகத்தான் புரிந்துகொண்டார்கள். பிறகு செய்ததுதான் எனக்குத் தப்பாகப் படுகிறது. ஆட்டத்தை விரட்டினார்கள், ஆட்டத்தோடு கேமராவும் புனேவுக்குப் போய்விட்டது. அங்கே ஐந்து ஆட்டம் ஜெயித்தோம், ஒன்று தோற்றோம். அந்த ஒளிபரப்பில் காவிரி என்ற பேச்சு எங்கே வரப்போகிறது? முப்பதாயிரம் பேர் கறுப்புத் துணியோடு உட்கார்ந்து விசில் அடித்திருந்தால்? ரஜினி சொன்ன கறுப்பு பேட்ஜை நினைத்துப் பார்க்கிறேன்.

அதே வருஷம் பிரான்சில் நடந்ததை இதன் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம். டூர் டி பிரான்ஸ் சைக்கிள் பந்தயத்துக்கு மைதானம் கிடையாது, கேட் கிடையாது, டிக்கெட் கிடையாது. ஊர் ரோடுதான். ஹாலந்திலிருந்தும் நார்வேயிலிருந்தும் வேன் எடுத்துக்கொண்டு வருகிற ரசிகர்கள் மலைப்பாதை வளைவுகளில் நாள்கணக்கில் கூடாரம் போட்டுக் காத்திருப்பார்கள். ஜூலை 24, பதினாறாம் நாள் பந்தயம், கார்க்கசோனிலிருந்து கிளம்புகிறது. தங்களுக்கு வரும் உதவித்தொகையைக் குறைக்கிறார்கள் என்று கோபத்திலிருந்த உள்ளூர் விவசாயிகள் ரோட்டின் குறுக்கே வைக்கோல் கட்டுகளை உருட்டிவிட்டார்கள். போலீஸ் அடித்த கண்ணெரிச்சல் மருந்து காற்றில் திரும்பி வீரர்கள் கண்ணிலேயே பட்டது. முன்னணியில் இருந்தவர்களெல்லாம் கண் கழுவிக்கொண்டு நிற்கும் படம் உலகம் முழுக்கப் போனது. கால் மணி நேரம் போல நின்றது. பிறகு பந்தயம் தொடர்ந்தது. யாரும் அதை வேறு நாட்டுக்கு மாற்றவில்லை. மாற்றவும் முடியாது, ரோடு அங்கேதானே இருக்கிறது.

நமக்கும் இது புதிதில்லை. பட்டுக்கோட்டை, பேராவூரணி பக்கம் மாட்டு வண்டிப் பந்தயம் பார்த்தவர்களுக்குத் தெரியும். பெரிய மாடு, நடுமாடு, கரிச்சான் மாடு, பூஞ்சிட்டு என்று பிரிவு பிரிவாக ரோட்டில் விடுவார்கள். உட்கார்ந்து பார்க்கிற பேச்சே இல்லை. எல்லைக்கல் வரை ரெண்டு பக்கமும் ஜனம் நிற்கும். பாதிப்பேர் பைக்கில் வண்டிக்குப் பின்னாலேயே புழுதியில் பறப்பார்கள். அபாயம்தான், எலும்பு முறிந்தவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். ஆனால் அங்கே ஆட்டம் ஒரு பக்கம், ஊர் ஒரு பக்கம் என்று பிரிக்க முடியாது. வாய்க்காலில் தண்ணீர் இருக்கிறதா இல்லையா என்பது ஓடுகிற மாட்டுக்கும் தெரியும், பார்க்கிறவனுக்கும் தெரியும். மலைச் சைக்கிள் பந்தயத்தில் தடம் நெடுக நடந்து போய்ப் பார்க்கிறவனுக்கும் இதில் ஏதோ கொஞ்சம் கிடைக்கிறது என்று நினைக்கிறேன். ஈர மண்ணில் வழுக்கி விழுகிறவன் அந்த மண்ணைக் கொஞ்சமாவது தெரிந்துகொள்கிறான். நாற்காலி எண் போட்ட டிக்கெட்டில் அது வராது.

இதை எல்லாம் அப்பாவிடம் சொன்னபோது அவர் ஒரேயடியாக ஒப்புக்கொள்ளவில்லை என்பதையும் எழுத வேண்டும். "நீ உக்காந்து எழுதுறவன், பேசுவே. ஆறு வாரம் அமைதியாத்தானே இருந்தோம்? எவன் கேட்டான்? அந்தச் செருப்பு விழுந்ததுக்கு அப்புறந்தான் இந்திக்காரன் டிவியில காவிரின்னு ஒரு வார்த்தை வந்துச்சு." அதற்கு என்னிடம் பதில் இல்லை. செருப்பையும் அடியையும் நியாயப்படுத்தாமல் அவர் சொன்னதை எப்படி ஏற்பது என்று இன்னும் யோசித்துக்கொண்டுதான் இருக்கிறேன். ஒன்று மட்டும் கேட்டேன்: "அதுக்கு அப்புறம் அந்த வார்த்தை எத்தனை நாள் டிவியில இருந்துச்சுப்பா?" அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு எழுந்து போய்விட்டார்.

பிறகு நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். மே 27-ல் மும்பையில் இறுதி ஆட்டம். வாட்சன் இன்னொரு சதம், கோப்பை சென்னைக்கு. ஜூன் 1-ல் காவிரி நீர் மேலாண்மை ஆணையத்துக்கான அறிவிக்கை வந்தது. ஜூலையில் யாரும் எதிர்பார்க்காத மழை மேலே. 19-ம் தேதி மேட்டூர் திறந்தார்கள், 23-ல் அணை 120 அடி நிறைந்தது. எந்தத் தண்ணீருக்காகச் சண்டை போட்டோமோ அது வந்து கொட்டியது, கொள்ளிடத்தில் கடலுக்குப் போனது. ஆகஸ்ட் 22 ராத்திரி முக்கொம்பு மேலணையில் ஒன்பது மதகுகள் உடைந்து விழுந்தன. நவம்பர் 16 விடியற்காலை கஜா. எங்கள் தோப்பில் நின்ற தென்னையை விரல் விட்டு எண்ணலாம்.

கஜாவுக்கு மறுவாரம் சித்தப்பா மகன் உழவன் எக்ஸ்பிரஸில் தஞ்சாவூர் வந்து இறங்கினான். தார்ப்பாய், மெழுகுவர்த்தி, கொசுவர்த்தி, பிஸ்கட் என்று ரெண்டு மூட்டை. தோப்பில் விழுந்த மரம் அறுக்க நாலு நாள் கூடவே நின்றான். போட்டுக்கொள்ள அவன் கொண்டுவந்தது அந்த மஞ்சள் பனியன் ஒன்றுதான். போகும்போது அதைத் துவைத்துக் கொடியில் போட்டுவிட்டு அப்படியே மறந்து போய்விட்டான். இப்போது அது அப்பாவிடம். மருந்தடிக்கப் போகும்போது போட்டுக்கொள்வார். சாயம் போய் வெளுத்துவிட்டது.

அந்த நாலு நாளில் ஒரு மத்தியானம், கரண்ட் இல்லாத வீட்டுத் திண்ணையில் மூன்று பேரும் சாப்பிட்டுக்கொண்டிருந்தோம். அப்பா திடீரென்று கேட்டார்.

"பூனாவுல தண்ணியெல்லாம் எப்படிடா தம்பி இருந்துச்சு?"

அவன் கொஞ்சம் யோசித்தான்.

"பாட்டில்ல குடுத்தாங்க பெரியப்பா."